எதிர்ச்சுவர்

கூறைநாட்டில் எங்கள் வீட்டு ஹாலுக்கு
பதினொன்றே காலுக்குத்தான் விடியும்.
ஓட்டுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு.
பன்னிரண்டு அடித்தால் மறுபடி சாயங்காலம்.

அந்த முக்கால் மணி நேரத்தில்
அரக்கு எது, காப்பிக்கொட்டை எது என்று
நூல்கண்டுகளைப் பிரித்து வைத்துக்கொள்வேன்.
மற்றபடி டியூப்லைட்.
டியூப்லைட் பொய் சொல்லும்.
அதை நம்பித்தான் போன தையில்
ஒரு மாம்பழ மஞ்சள் கல்யாண ரவிக்கைக்கு
எலுமிச்சை நூல் ஓட்டினேன்.
பந்தலை விட்டு வெயிலில் பெண் இறங்கியதும்
தையல் தனியாக நடந்து போனது.
கூலி கேட்க நான் போகவில்லை.

"பெயிண்ட் மாத்துங்கக்கா, வெளிச்சம் தானா வரும்"
என்று ஹார்டுவேர்க் கடைப் பையன்
கலர் கார்டை விசிறியாக விரித்தான்.
எல்லாவற்றுக்கும் ஏதேதோ சீமைப் பெயர்.
நான் எனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டேன்:
மோர். கஞ்சித் தெளிவு.
குறுவை அறுத்த தாள்.
ஆடியில் வாய்க்காலுக்கு வரும் முதல் தண்ணி
(அது கூட இருந்தது, கடைசிப் பக்கத்தில்).

நாலு சின்ன டப்பா.
ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில்
நாலு கட்டம் அடித்தான் செபஸ்தியான்.
காலையில் பார்த்தால் நாலும் சாம்பல்.
அதிலும் மோர்தான் ரொம்ப அழுக்கு.
"வெள்ளைக்குத் தீனி வெளிச்சந்தானக்கா.
பட்டினி போட்டா இப்படித்தான் கறுக்கும்"
என்று பிரஷ்ஷைக் கழுவினான்.
"எதையாவது சொல்லித் தொலை,
தீபாவளித் துணி குவியுது" என்றார் வீட்டுக்காரர்.

ஆறாம் நாள் காலை எட்டரை மணி.
பாபின் உருண்டு மிஷினுக்கடியில் போனது.
குனிந்து தேடுகிறேன்,
தேடாமலே தெரிகிறது.
நிமிர்ந்தால் மோர் மோராக இருக்கிறது,
தாள் தாளாக.

ஜன்னலுக்கு வெளியே
கலியமூர்த்தி வீட்டு மூன்றாம் மாடியிலிருந்து
ஓர் எட்டு முழ வேட்டி தொங்கிக்கொண்டிருந்தது.
எங்கள் ஓட்டைத் தாண்டிப் போன வெயில்
அதில் பட்டுத் திரும்பி
எங்கள் ஹாலுக்குள் விழுந்துகொண்டிருந்தது.
ஒன்பதரைக்கு யாரோ வேட்டியை எடுத்தார்கள்.
கட்டங்கள் நாலும் சாம்பலுக்குப் போயின.

அந்தச் சிமெண்டுச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஒன்றரை அடி எங்கள் மனையில் நிற்கிறது.
நிற்கவில்லை என்கிறது அவர்கள் பத்திரம்.
ஆறு வருஷ வழக்கு.
அந்தப் பக்கம் விழுந்த பந்துகள்
எதுவும் திரும்பியதில்லை.

வாய்தா அன்று கோர்ட்டு வாசல் டீக்கடையில்
நானே போய்ப் பேசினேன்.
"ஒங்க சுவருக்கு வெள்ளை அடிச்சுக்கிறேன். காசு என்னோடது."
கலியமூர்த்தி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.
"ஒங்க சுவருன்னு சொல்லிட்டீங்க, கவனிச்சீங்களா?"
"வாய்ல வந்துடுச்சு."

எங்கள் வக்கீல்: அடித்தால் அவர் சுவர் என்று ஒப்புக்கொண்டதாகும்.
அவர் வக்கீல்: அடிக்க விட்டால் நாளைக்குச் சுவரே எங்களது என்பார்கள்.
ஆறு வருஷத்தில் முதல் முறையாக
இரண்டு வக்கீலும் ஒரே பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில்
மாடியிலிருந்து ஒரு கயிறு இறங்கியது.
மேலே பிடித்திருந்தது அவர் மனைவி மங்கையர்க்கரசி.
"சாரக் கயிறு. கீழ இருந்து ஏணி எட்டாது"
என்று மட்டும் சொன்னாள்.
வக்கீல்களைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும்.
செபஸ்தியான் பத்து லிட்டர் அடித்தான்.

இப்போது எங்களுக்கு எட்டு மணிக்கே விடிகிறது.
அரக்கு அரக்காகவும் காப்பிக்கொட்டை
காப்பிக்கொட்டையாகவும் இருக்கின்றன.
மூலையில் ஒட்டடை எவ்வளவு என்றும் தெரிந்துவிட்டது.

எதிர்ச்சுவரில் நாலு கட்டம்
நாலு நிறமாக நிற்கின்றன.
முன்பு எல்லாம் ஒன்று, எடுப்பது சுலபம்.
இன்றைக்குத் தாள் என்கிறேன்,
நாளைக்கு அந்த ஆடித் தண்ணி.

அடுத்த வாய்தா இருபத்துமூன்று.
ஐப்பசி மழை பிடித்தால் வெளி வெள்ளையில் பாசி ஏறும்.
செபஸ்தியான் தினமும் போன் செய்கிறான்.